சொன்னால் கேட்குமா இயந்திரம்? இரும்புப் பந்து சொல்லும் பாடம்

"முதலில் டெஸ்ட் எழுது. பிறகு நிரல் எழுது. எல்லா டெஸ்டும் தேறுகிறதா என்று பார். அதற்கப்புறம்தான் சேமி." இப்படி நான்கு வரியில் ஒரு வேலைமுறையை எழுதி, நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு உதவியாளரிடம் கொடுத்தால் என்ன நடக்கும்? முதல் தடவை அப்படியே செய்யும். இரண்டாவது தடவையும் செய்யும். பத்தாவது தடவை டெஸ்டை விட்டுவிட்டு நேராக நிரலுக்குத் தாவிவிடும். ஏன் என்று கேட்டால், "மன்னிக்கவும், இனிமேல் கவனமாக இருக்கிறேன்" என்று பணிவாகப் பதில் வரும். அடுத்த நாள் மறுபடியும் அதே கதை!

இது கணினி உலகத்துக்கு வந்த புதுத் தலைவலி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் தலைவலி பழையது, தலைதான் புதியது. எழுதி வைத்த முறையை வேலை செய்பவர் ஒவ்வொரு தடவையும் தவறாமல் பின்பற்ற வைப்பது எப்படி? இந்தக் கேள்விக்கு ரயில்வே நூற்றைம்பது வருஷமாகப் பதில் தேடியிருக்கிறது. அதற்காகக் கொடுத்த விலையும் அதிகம். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து மக்கள் தினமும் பார்க்கும் தண்டவாளத்திலும் சிக்னலிலும் அந்தப் பதில் இருக்கிறது.

கல்லில் எழுதிய விதி

ரயிலுக்குப் போகும் முன், அதைவிட ஆயிரம் வருஷம் பழைய ஒரு உதாரணம். திண்டிவனத்துக்கு வடக்கே, காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிறது உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. குடவோலைத் தேர்தல் என்று பள்ளிப் பாடத்தில் எல்லோரும் படித்ததுதான். ஆனால் பாடப் புத்தகம் வேகமாகத் தாண்டிப் போகும் சில விவரங்கள் அதில் உண்டு.

தேர்தல் நேர்மையாக நடக்க வேண்டும் என்று மட்டும் அந்தக் கல்வெட்டு சொல்லவில்லை. நேர்மையில்லாமல் நடத்துவதைக் கஷ்டமாக்கி வைக்கிறது. ஊர் 30 குடும்புகளாகப் பிரிந்திருக்கிறது. குடும்பு என்றால் இன்றைய வார்டு. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதி, கட்டாகக் கட்டிக் குடத்தில் போடுகிறார்கள். சபையார் எல்லோரும் கூடியிருக்க, குடத்தைத் தூக்கி அனைவருக்கும் காட்டுகிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்கிறான். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். கைக்குள் வேறு ஓலையை மறைத்து மாற்றிவிட முடியாது! பிறகு அவன் உரக்க வாசிக்கிறான். அதையே அங்கிருக்கும் நம்பிமார் எல்லோரும் வாசிக்கிறார்கள். அப்புறம்தான் பெயர் ஏற்கப்படும்.

"ஏமாற்றாதே" என்று எழுதுவது ஒரு வகை. "விரலை விரித்து வாங்கு" என்று எழுதுவது இன்னொரு வகை. முதலாவது ஆளின் மனசை நம்புகிறது. இரண்டாவது ஏற்பாட்டை நம்புகிறது.

இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டியது. முதல் கல்வெட்டு கி.பி. 919, இரண்டாவது 921. இரண்டே வருஷத்தில் விதிகளைத் திருத்தி, இன்னும் விரிவாக மறுபடி வெட்டியிருக்கிறார்கள். கல்லில் எழுதிய விதியும் முதல் தடவையிலேயே சரியாக அமைந்துவிடவில்லை.

ஒற்றைப் பாதையின் ஆபத்து

இனி ரயில். தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1874-ல் உருவானது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் சென்னையிலிருந்து செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம் வழியாகத் தெற்கே மீட்டர் கேஜ் பாதை நீண்டது. 1879-ல் விழுப்புரத்திலிருந்து பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரிக்கு ஒரு கிளை போனது. பிற்பாடு காட்பாடிப் பாதையும், விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குப் போகும் கார்டு லைனும் வந்து சேர, விழுப்புரம் ஐந்து திசைக்கும் வண்டி பிரியும் பெரிய ஜங்ஷன் ஆகிவிட்டது.

செங்கல்பட்டுக்கும் விழுப்புரத்துக்கும் இடையே இரட்டைப் பாதை வேலை முழுமையானது 2010-களில்தான். விழுப்புரம் - புதுச்சேரி, விழுப்புரம் - காட்பாடி போன்றவை ஒற்றைப் பாதைகள். போகிற வண்டிக்கும் வருகிற வண்டிக்கும் ஒரே தண்டவாளம். திண்டிவனத்தை விட்டால் மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம், பிறகு விழுப்புரம். பாதை ஒற்றையாக இருக்கும்போது திண்டிவனத்திலிருந்து ஒரு வண்டியும் மயிலத்திலிருந்து ஒரு வண்டியும் ஒரே நேரத்தில் கிளம்பினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

இதற்கு விதி மிக எளிது. இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் ஒரு நேரத்தில் ஒரு வண்டி மட்டும். ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும். ஆரம்பத்தில் தந்தி அடித்துக் கேட்டுக்கொண்டு வண்டியை விடுவார்கள். "பாதை காலியா? வண்டி அனுப்பலாமா?" "அனுப்பலாம்." அவ்வளவுதான்.

இது எப்படித் தோற்றது என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு உதாரணம் உண்டு. 1874 செப்டம்பர் 10 இரவு, நாரிச் நகரத்துக்கு அருகே தோர்ப் என்ற இடத்தில் ஒற்றைப் பாதையில் இரண்டு பயணி வண்டிகள் நேருக்கு நேர் மோதின. 25 பேர் இறந்தார்கள். அங்கே விதி இல்லாமல் இல்லை. பொறுப்பாளர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தந்தி குமாஸ்தா செய்தியை அனுப்ப வேண்டும். அன்று கையெழுத்து இல்லாமலே "வண்டியை அனுப்பு" என்ற செய்தி போய்விட்டது. தவறு தெரிந்து திருப்பிக் கூப்பிடத் தந்தி அடித்தபோது அந்தப் பக்கத்து வண்டி புறப்பட்டுவிட்டது.

விதி எழுதியிருந்தது, எல்லோருக்கும் தெரிந்தும் இருந்தது. ஆனால் கையெழுத்து இல்லையென்றால் தந்திக் கருவி அடிக்காது என்று எந்த ஏற்பாடும் இல்லை. கருவிக்குக் கையெழுத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது!

இரும்புப் பந்து

தோர்ப் விபத்துக்குப் பிறகு எட்வர்ட் டயர் என்ற பொறியாளர் ஒரு கருவியைச் செய்து 1878-ல் காப்புரிமை வாங்கினார். அதன் யோசனைதான் பிற்பாடு உலகம் முழுக்க ஒற்றைப் பாதைகளில் பரவியது. இந்தியாவில் அதே யோசனையின் இன்னொரு வடிவம் அதிகம் புழங்கியது. அதன் பெயர் நீல்ஸ் பால் டோக்கன் கருவி.

திண்டிவனத்தையும் மயிலத்தையும் வைத்து அதைப் புரிந்துகொள்ளலாம். இரண்டு ஸ்டேஷனிலும் ஆளுக்கொரு கருவி. உள்ளே இரும்புப் பந்துகள். இரண்டு கருவியையும் மின்கம்பி இணைக்கிறது. திண்டிவனத்து ஸ்டேஷன் மாஸ்டர் பந்தை எடுக்க வேண்டுமென்றால் தானாக எடுக்க முடியாது. மணி அடித்து மயிலத்தைக் கேட்க வேண்டும். மயிலத்துக்காரர் தன் கருவியை இயக்கி மின்சாரம் அனுப்பினால்தான் இங்கே பூட்டுத் திறந்து ஒரு பந்து வெளியே வரும். ஒரு பந்து வெளியே வந்துவிட்டால் இரண்டு கருவியும் பூட்டிக்கொள்ளும். அந்தப் பந்து இரண்டில் ஏதாவது ஒரு கருவிக்குள் திரும்பப் போகும் வரை இன்னொரு பந்தை யாராலும் எடுக்க முடியாது.

அந்தப் பந்துதான் டிரைவருக்கு அனுமதிச் சீட்டு. அது கையில் இல்லாமல் வண்டியை நகர்த்தக் கூடாது. பந்தைத் தோல் பையில் போட்டு, பையைப் பெரிய வளையத்தில் மாட்டி வைப்பார்கள். ஸ்டேஷனில் நிற்காமல் போகும் வண்டியாக இருந்தால் ஊழியர் வளையத்தை உயர்த்திப் பிடித்து நிற்பார். எஞ்சினிலிருப்பவர் கையை நீட்டி அதில் நுழைத்து வாங்கிக்கொண்டு, பழைய வளையத்தைக் கீழே போடுவார். பழைய ரயில் பயணிகள் இதை வேடிக்கை பார்த்திருப்பார்கள்.

இந்தக் கருவி என்ன சாதித்தது? விதி மாறவில்லை. "ஒரு நேரத்தில் ஒரு வண்டி" என்ற அதே பழைய விதிதான். மாறியது அந்த விதி இருக்கும் இடம். முன்பு அது புத்தகத்திலும் ஊழியரின் ஞாபகத்திலும் இருந்தது. இப்போது இரும்பில் இருக்கிறது. ஸ்டேஷன் மாஸ்டர் தூக்கக் கலக்கத்தில் இருந்தாலும், அவசரத்தில் இருந்தாலும், இரண்டாவது பந்து வெளியே வராது.

இதே சமயத்தில் சிக்னல் பக்கத்திலும் இதே மாற்றம் நடந்தது. 1856-ல் இங்கிலாந்தில் ஜான் சாக்ஸ்பி காப்புரிமை வாங்கிய ஏற்பாட்டிலிருந்து வளர்ந்தது "இன்டர்லாக்கிங்" முறை. வண்டியைத் திருப்பிவிடும் பாயிண்ட் சரியாக அமையாவிட்டால் பச்சை காட்டும் நெம்புகோலை இழுக்கவே முடியாது. இழுக்காதே என்று போர்டு எழுதி மாட்டும் வேலை இல்லை. இழுத்தாலும் வராது.

பந்து இருந்தும் மோதிய கதை

இதோடு கதை முடிந்திருந்தால் பாடம் சுலபம். எல்லாவற்றையும் இரும்பில் பூட்டிவிடு, நிம்மதியாகத் தூங்கு. ஆனால் வரலாறு அப்படி விடவில்லை.

1921 ஜனவரி 26. வேல்ஸ் நாட்டில் அபர்மியூல் என்ற சின்ன ஸ்டேஷன். இரண்டு பக்கமும் ஒற்றைப் பாதை. டயரின் கருவி அங்கே இருந்தது, ஒழுங்காக வேலையும் செய்தது. இருந்தும் ஒரு பாசஞ்சர் வண்டியும் எதிரே வந்த எக்ஸ்பிரஸும் மோதி 17 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் அந்த ரயில்வே கம்பெனியின் இயக்குநர் ஒருவரும் உண்டு.

எப்படி நடந்தது? பாசஞ்சர் வண்டி ஸ்டேஷனுக்கு வந்ததும், அது கொண்டுவந்த பழைய டோக்கனை ஒரு பையன் டிரைவரிடமிருந்து வாங்கினான். அவனுக்கு டிக்கெட் வசூலிக்கும் வேலை இருந்தது. எதிரே வந்த பொறுப்பு ஸ்டேஷன் மாஸ்டரிடம் பையைக் கொடுத்துவிட்டு ஓடினான். வாங்கியவர் அதை அடுத்த பகுதிக்கான புது டோக்கன் என்று நினைத்துக்கொண்டார். பைக்குள் பார்க்காமல் அப்படியே டிரைவரிடம் திருப்பிக் கொடுத்தார். டிரைவரும் பார்க்கவில்லை. தான் கொண்டுவந்த டோக்கனையே வாங்கிக்கொண்டு, எக்ஸ்பிரஸ் வந்துகொண்டிருந்த பாதையில் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

டோக்கன் மேல் அது எந்தப் பகுதிக்கு உரியது என்று எழுதியே இருந்தது. யாராவது ஒருவர் வாசித்திருந்தால் போதும். அத்துடன், அந்தக் கருவிகளை யார் இயக்கலாம் என்று விதி இருந்தும், நடைமுறையில் கையில் வேலை இல்லாதவர் யாரோ அவர் இயக்குவது பழக்கமாகிவிட்டிருந்தது.

இதிலிருந்து ரயில்வே இரண்டு விஷயம் கற்றது. ஒன்று, கருவியைத் தொடுவதற்குக் குறிப்பிட்ட ஆள் மட்டும் வேண்டும். இரண்டு, டோக்கனோடு சிக்னலையும் சேர்த்துப் பூட்ட வேண்டும். சரியான டோக்கன் வெளியே எடுக்கப்படாவிட்டால் வண்டியைக் கிளப்பும் சிக்னல் இறங்கக்கூடாது.

மூன்றாவதாக ஒரு பழக்கமும் உண்டு. இந்திய ரயில்களில் டிரைவரும் உதவி டிரைவரும் சிக்னலைப் பார்த்ததும் அதன் நிறத்தை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்கிறார்கள். கண் பார்த்ததை வாய் சொல்ல, காது கேட்டு உறுதி செய்கிறது. உத்திரமேரூரில் ஓலையை எல்லா நம்பிமாரும் சேர்ந்து வாசித்த அதே காரியம்!

பூட்டைத் திறந்தவர்கள்

நம் காலத்திலேயே நடந்தது இன்னும் கனமானது. 2023 ஜூன் 2. ஹவுரா அருகே ஷாலிமாரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் பாகநாகா பஜார் ஸ்டேஷனில் நின்றிருந்த சரக்கு வண்டி மீது மோதியது. எதிர்த் திசையில் போன இன்னொரு எக்ஸ்பிரஸும் சிக்கிக்கொண்டது. 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சென்னை சென்ட்ரலில் உறவினருக்காகக் காத்திருந்தவர்களின் முகங்களைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

அங்கே நவீன மின்னணு இன்டர்லாக்கிங் இருந்தது. நேர்ப் பாதைக்குப் பச்சை விளக்கு எரிந்தது. டிரைவர் விதியை மீறவில்லை. ஆனால் பாயிண்ட் பக்கவாட்டு லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. "பாயிண்ட் தப்பாக இருந்தால் பச்சை எரியாது" என்பதுதானே இன்டர்லாக்கிங்கின் அடிப்படை? ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை, சிக்னல் சுற்றில் முன்பு செய்த மாற்றத்திலும், லெவல் கிராசிங் கேட் தொடர்பாக அன்று நடந்த வேலையிலும் இருந்த குறைகளைக் காரணமாகச் சொன்னது. அதாவது, பூட்டு தானாகத் தோற்கவில்லை. பூட்டைத் திறந்து வேலை பார்த்தவர்கள், பூட்டுக்கான வேலைமுறையைப் பின்பற்றவில்லை.

ஆக, இந்த வரலாற்றில் மூன்று படிகள் தெரிகின்றன. எழுதிய விதி போதாது, அதைக் கருவிக்குள் பூட்ட வேண்டும். பூட்டினாலும் போதாது, டோக்கனை யாராவது வாசிக்க வேண்டும். வாசித்தாலும் போதாது, பூட்டையே மாற்றும் உரிமை யாருக்கு இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

புதிய ஸ்டேஷன் மாஸ்டர்

இப்போது கணினிக்கு வரலாம். 2021-ல் கிட்ஹப் கோபைலட் முன்னோட்டமாக வந்தபோது அது அடுத்த வரியை ஊகித்துத் தரும் கருவி மட்டுமே. 2025-க்குள் கிளாட் கோட், கர்சர் போன்ற கருவிகள் தாமாகவே கோப்புகளைத் திறந்து, திருத்தி, கட்டளைகளை ஓட்டி, முழு வேலையையும் செய்யத் தொடங்கிவிட்டன. முன்பு அது வழி சொல்லும் போர்டு. இப்போது நெம்புகோலில் கை வைக்கும் ஊழியர்.

இந்த ஊழியருக்கு விதிப் புத்தகம் கொடுப்பது எப்படி? அதற்கென்றே ஒரு கோப்பு வைக்கிறார்கள். கிளாட் எம்.டி., ஏஜென்ட்ஸ் எம்.டி. என்றெல்லாம் அதற்குப் பெயர். அதில் "இந்தத் திட்டத்தில் இப்படித்தான் வேலை செய்ய வேண்டும்" என்று எழுதி வைத்தால், உதவியாளர் ஒவ்வொரு முறையும் அதைப் படித்துவிட்டுத் தொடங்கும்.

படிக்கும், சரி. பின்பற்றுமா? இங்கேதான் சிக்கல். இந்த உதவியாளரின் உள்ளே இருப்பது மொழி மாதிரி. தனக்கு முன்னால் இருக்கும் எழுத்து முழுவதையும் பார்த்து, அடுத்து எது வரக்கூடும் என்று ஒவ்வொரு துண்டாகக் கணிப்பதுதான் அதன் வேலை. (அந்தத் துண்டுக்கும் டோக்கன் என்றுதான் பெயர். ஆனால் அது எதையும் பூட்டாத டோக்கன்!) அதைப் பொறுத்தவரை விதிப் புத்தகமும் அந்த எழுத்தில் ஒரு பகுதி. அதற்குத் தனி எடை பழக்கப்பட்டிருக்கலாம், ஆனால் அது இரும்புப் பூட்டு அல்ல. உரையாடல் நீள நீள, ஆயிரக்கணக்கான வரி நிரலும் பிழைச் செய்திகளும் சேரச் சேர, முதலில் படித்த நான்கு வரி அமுங்கிப் போகும். நீண்ட எழுத்தின் ஆரம்பத்திலும் முடிவிலும் இருப்பதை மாதிரிகள் நன்றாகப் பயன்படுத்துகின்றன, நடுவில் இருப்பதைத் தவறவிடுகின்றன என்று 2023-ல் வந்த ஒரு ஆய்வு காட்டியது. இன்றைய மாதிரிகள் அதைவிட நன்றாகச் செய்கின்றன. ஆனாலும் "நன்றாக" என்பதும் "எப்போதும்" என்பதும் ஒன்றல்ல.

2025 ஜூலையில் நடந்தது ஒரு சின்ன தோர்ப். ரெப்லிட் என்ற நிறுவனத்தின் நிரல் உதவியாளரை ஒரு தொழில்முனைவோர் சோதித்துக்கொண்டிருந்தார். எதையும் மாற்றாதே, நிரல் உறைநிலையில் இருக்கிறது என்று அதற்குத் தெளிவாகச் சொல்லியிருந்தார். உதவியாளர் நிஜமான தரவுத்தளத்தையே அழித்துவிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிர்வாகிகளின் விவரங்கள் அதில் இருந்தன. பழைய நிலைக்குத் திரும்ப முடியாது என்றும் சொன்னது. அதுவும் தவறு, பிற்பாடு மீட்க முடிந்தது. நிறுவனத் தலைவர் வருத்தம் தெரிவித்தார்.

கவனிக்க வேண்டியது அதற்குப் பின் நிறுவனம் செய்தது. "இனி அழிக்காதே" என்று விதிப் புத்தகத்தில் பெரிய எழுத்தில் சேர்ப்பதோடு நிற்கவில்லை. சோதனைத் தரவுத்தளத்தையும் நிஜத் தரவுத்தளத்தையும் தனித்தனியாகப் பிரிக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. உதவியாளர் வேலை செய்யும் அறையில் அந்தச் சாவியே இருக்காது. டயர் 1878-ல் செய்ததும் இதைத்தான்.

எதை எழுதுவது, எதைப் பூட்டுவது

ரயில்வே வரலாற்றின் மூன்று படிகளை அப்படியே இங்கே பொருத்திப் பார்க்கலாம்.

முதலாவது, பூட்டு. உதவியாளர் தவறாமல் செய்தே ஆகவேண்டிய படிகளை விதிக் கோப்பில் மட்டும் எழுதிவிட்டு நம்பக்கூடாது. டெஸ்ட் ஓடித் தேறாவிட்டால் மாற்றம் சேமிக்கப்படாது என்று கிட் மென்பொருளில் ஒரு தடை வைக்கலாம். கிளாட் கோட் போன்ற கருவிகளில் "ஹூக்" என்ற வசதி இருக்கிறது. உதவியாளர் ஒரு கட்டளையை ஓட்டும் முன் சின்ன நிரல் ஒன்று குறுக்கே வந்து சரிபார்க்கும், தவறு என்றால் தடுத்துவிடும். இந்தத் தடை மொழி மாதிரியின் ஞாபகத்தை நம்பி இல்லை. பத்தாவது தடவையும் ஆயிரமாவது தடவையும் ஒரே மாதிரி வேலை செய்யும்.

அப்படியானால் விதிக் கோப்பு வீணா? இல்லை. பெயர்களை எப்படி வைப்பது, எந்த நூலகத்தைப் பயன்படுத்துவது, எந்த ஒழுங்கில் யோசிப்பது போன்றவற்றைப் பூட்ட முடியாது, எழுதத்தான் முடியும். பூட்டக்கூடியதைப் பூட்டிவிட்டால் கோப்பு சின்னதாகும். சின்ன கோப்பில் உள்ளது அமுங்கிப் போவது குறைவு. உத்திரமேரூர் சபையைப் போல அதை அவ்வப்போது திருத்தவும் வேண்டும்.

இரண்டாவது, வாசித்தல். உதவியாளர் "எல்லா டெஸ்டும் தேறிவிட்டன" என்று சொன்னால் அது பைக்குள் இருக்கும் டோக்கன். பையைத் திறந்து பார்த்தாயா என்பதுதான் கேள்வி. உண்மையிலேயே டெஸ்ட் ஓடியதா? எத்தனை ஓடின? எதையாவது தவிர்த்துவிட்டதா? கொடுத்தவர் நம்பிக்கையானவர் என்பதற்காக வாசிக்காமல் வாங்கியதுதான் அபர்மியூல். ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு மனிதர் படித்து ஒப்புதல் தரும் பழக்கம் மென்பொருள் உலகில் ஏற்கெனவே உண்டு. நிரல் வேகமாக வருகிறது என்பதற்காக அதைக் கைவிட்டால் வேகம்தான் மிஞ்சும்.

மூன்றாவது, பூட்டின் சாவி. தேறாத டெஸ்டைத் தேற வைக்க இரண்டு வழி. நிரலைச் சரிசெய்யலாம், அல்லது டெஸ்டையே மாற்றிவிடலாம்! சில உதவியாளர்கள் இரண்டாவது வழியைப் பிடிப்பதும், டெஸ்டுக்கு மட்டும் பொருந்தும்படி நிரலை ஒட்டுப் போடுவதும் இத்துறையில் நன்கு தெரிந்த குறை. கிட்டில் இருக்கும் தடையையும் "நோ வெரிஃபை" என்ற ஒரே ஒரு சொல்லைச் சேர்த்துத் தாண்டிவிடலாம். ஆகவே கடைசிப் பூட்டு உதவியாளரின் கைக்கு எட்டும் கணினியில் இருக்கக்கூடாது. அது சர்வரில் இருக்க வேண்டும். டெஸ்ட் கோப்புகளையும் பூட்டின் அமைப்புகளையும் மாற்ற மனிதர் ஒருவரின் அனுமதி கட்டாயமாக இருக்க வேண்டும். பாகநாகா பஜார் சொல்லும் பாடம் இதுதான்: வண்டியை ஓட்டுவதற்கு எத்தனை கட்டுப்பாடு உண்டோ, பூட்டைப் பழுதுபார்க்க அதைவிட அதிகக் கட்டுப்பாடு வேண்டும்.

யாருக்கு இது?

இதெல்லாம் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருப்பவர்களின் கவலை என்று ஒதுக்க முடியாது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. 2024 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் திருச்சிற்றம்பலம் அருகே சிறிய டைடல் பூங்கா திறக்கப்பட்டது. இங்கே படித்து வேலைக்குப் போகும் மாணவர்களின் முதல் நாள் வேலையே, நிரல் எழுதுவதைவிட, உதவியாளர் எழுதிய நிரலை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்வதாக இருக்கலாம். அவர்கள் எழுதும் மென்பொருள் ஒரு ஆஸ்பத்திரியின் மருந்துக் கணக்காக இருக்கலாம். ரேஷன் கடைப் பட்டியலாக இருக்கலாம். ரயில் சிக்னலாகவே இருக்கலாம்.

பழைய ஸ்டேஷன் மாஸ்டர்கள் யாரும் முட்டாள்கள் இல்லை. விதி தெரியாதவர்களும் இல்லை. களைப்பு, அவசரம், பழக்கம், "இவ்வளவு நாள் ஒன்றும் ஆகவில்லையே" என்ற தைரியம், இவைதான் அவர்களைத் தோற்கடித்தன. இயந்திர உதவியாளருக்குக் களைப்பு கிடையாது. ஆனால் அதுவும் வேறு வழியில் அதே இடத்தில்தான் வந்து நிற்கிறது: விதி தெரிந்தும் தவறுகிறது. ஆகவே அதைத் திட்டுவதிலும், விதியைப் பெரிய எழுத்தில் திரும்பத் திரும்ப எழுதுவதிலும் பயன் கொஞ்சம்தான். பந்து உள்ளே திரும்பி வரும் வரை அடுத்த பந்து வெளியே வராத மாதிரி வேலையை அமைத்துவிட வேண்டும். வெளியே வந்த பந்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் வாசிக்க வேண்டும். முதல் வேலையை இயந்திரத்திடம் கொடுக்கலாம். இரண்டாவது மனிதருடையது.